திருப்பூர் கிரெடிட் டெஸ்க்: புதிதாக வந்த மூன்று பேருக்கு முதல் ஆறு மாதம் என்ன சொல்லித் தருவது?

நொய்யல் கரை (கேள்வி)

வணக்கம். திருப்பூரில் ஒரு வங்கியின் சிறுதொழில் கடன் பிரிவில் இருக்கிறேன். பெரும்பாலும் பனியன் கம்பெனிகள், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் யூனிட்கள். லிமிட் 50 லட்சத்திலிருந்து 5 கோடிக்குள். இந்தக் காலாண்டில் மூன்று இளம் அதிகாரிகள் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர் சிஏ இன்டர் முடித்தவர், ஒருவர் எம்பிஏ, இன்னொருவர் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வங்கித் தேர்வு எழுதி வந்தவர்.

மூவருக்கும் எக்செல் தண்ணீர்பட்ட பாடு. சிஎம்ஏ படிவத்தை (கடன் மதிப்பீட்டுக்கு வங்கி கேட்கும் நிதி அட்டவணை) மளமளவென்று நிரப்பிவிடுகிறார்கள். ஆனால் "இந்தப் பார்ட்டிக்கு 1 கோடி ஏன் கொடுக்கலாம்?" என்று கேட்டால், "கரன்ட் ரேஷியோ 1.33 இருக்கு சார்" என்பதோடு பதில் நின்றுவிடுகிறது. அந்த 1.33 (குறுகிய காலச் சொத்தைக் குறுகிய காலக் கடனால் வகுத்த எண்) எங்கிருந்து வந்தது என்றால் மௌனம்.

கேட்க விரும்புவது மூன்று. முதல் ஆறு மாதத்தில் எதை முதலில், எதைப் பிறகு சொல்லித் தருவது? ஜேஏஐஐபி, சிஏஐஐபி போன்ற வங்கியாளர் தேர்வுகளை உடனே எழுதச் சொல்லலாமா? அவர்கள் எழுதும் நோட்டில் தவறு இருந்தால், ஃபைலும் தாமதமாகாமல், அவர்களும் கற்றுக்கொள்ளும்படி எப்படித் திருத்துவது?

பழைய லெட்ஜர்

சார், முதல் ஒரு மாதம் சிஎம்ஏ-வை அவர்கள் கையில் கொடுக்கவே வேண்டாம். டிராயிங் பவரில் (டிபி: கையிலுள்ள சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் வைத்துப் பார்ட்டி எடுக்கக்கூடிய தொகை) ஆரம்பியுங்கள். கூட்டல், கழித்தல், சதவீதம் தெரிந்தால் போதும், அதற்குள் தொழில் முழுவதும் வந்துவிடும்.

ஒரு பனியன் கம்பெனிக்கு 1.20 கோடி சிசி (கேஷ் கிரெடிட்) லிமிட், அதில் இன்று எடுத்திருப்பது 1.15 கோடி என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் நூல் 60 லட்சம், துணியும் தைத்த பீஸும் 70 லட்சம், வரவேண்டிய பாக்கி 1.10 கோடி, நூல்காரருக்கும் மற்றவர்களுக்கும் கொடுக்கவேண்டியது 50 லட்சம். மார்ஜின் (பார்ட்டி தன் பணமாகப் போடவேண்டிய பங்கு) சரக்குக்கு 25 சதவீதம், பாக்கிக்கு 40 சதவீதம். புதிதாக வந்தவர் என்ன செய்வார்? 130 லட்சத்தில் 75 சதவீதம் 97.5 லட்சம், 110 லட்சத்தில் 60 சதவீதம் 66 லட்சம், மொத்தம் 163.5 லட்சம், லிமிட்டுக்கு மேலேயே இருக்கிறது, கணக்கு சுத்தம் என்று டிக் போட்டுவிடுவார்.

சரியான கணக்கு வேறு. காசு கொடுத்து வாங்கிய சரக்குக்குத்தான் கடன். 130-லிருந்து 50-ஐக் கழித்தால் 80, அதில் 75 சதவீதம் 60 லட்சம். பாக்கிப் பட்டியலை வயது வாரியாகப் பிரித்தால் 30 லட்சம் 90 நாள் தாண்டியிருக்கிறது, அதை விட்டுவிட்டால் 80, அதில் 60 சதவீதம் 48 லட்சம். டிபி 108 லட்சம். கணக்கு 7 லட்சம் மீறலில் நிற்கிறது. ஒரே தாளிலிருந்து 55 லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வருவதைத் தன் கையால் போட்டுப் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

அதன்பிறகு கேள்வியைத் திருப்புங்கள். அந்த 30 லட்சம் யாருடையது? ஒரே வாங்குபவருடையதா, பத்துப் பேருடையதா? போன மாதமும் அதே 30-தானா? பார்ட்டியின் தம்பி பெயரில் இருக்கும் கம்பெனிக்கு விற்றதாகக் காட்டியதா? நல்ல கிரெடிட் ஆபீசர் இந்த வரியில்தான் உருவாகிறார்.

அடுத்த படியாக அந்தக் கணக்கின் 12 மாத ஸ்டேட்மென்ட்களை வரிசையாக வைத்து, சரக்கு எத்தனை நாள் தங்குகிறது, பாக்கி எத்தனை நாளில் வருகிறது என்று மாதம் மாதம் போடச் சொல்லுங்கள். மார்ச் 31 அன்றைய நிலை ஒரு நாள் போட்டோ மாதிரி. அதிலும் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) வந்தபின், பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளர்களுக்குக் கெடு தாண்டியும் மார்ச் 31-க்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்த ஆண்டில் செலவாகக் கழிக்க முடியாது என்பதால், மார்ச் கடைசியில் சிசி-யில் எடுத்து அவர்களுக்குக் கட்டிவிடுகிற பழக்கம் கூடியிருக்கிறது. அன்றைய கிரெடிட்டர் (கொடுக்கவேண்டிய பாக்கி) எண்ணை வைத்துக்கொண்டு வருடம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

கிரே ரோல்

லெட்ஜர் சார் சொன்னதில் ஒரு சேர்க்கை. எக்ஸ்போர்ட் செய்கிற பார்ட்டி என்றால் பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்கு முன் சரக்கு வாங்கித் தயாரிக்கத் தரும் கடன்) இருக்கும். அந்தக் கடனில் வாங்கிய நூலையும் துணியையும் சிசி டிபி-யிலும் காட்டினால் ஒரே சரக்குக்கு இரண்டு கடன். அதேபோல் வங்கியில் டிஸ்கவுன்ட் செய்து ஏற்கெனவே பணம் வாங்கிவிட்ட பில்லை பாக்கிப் பட்டியலில் வைத்திருப்பார்கள். பேக்கிங் கிரெடிட் நிலுவைப் பட்டியலையும் பில் ரெஜிஸ்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் டிபி போடவேண்டும். எல்சி-யில் (பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்) வாங்கிய சரக்கு இருந்தால் அந்தக் கிரெடிட்டரையும் கழிக்க மறக்கக்கூடாது. மார்ஜின் சதவீதமும் 90 நாள் வரம்பும் அந்தந்த சாங்ஷன் கடிதத்தில் உள்ளபடிதான். மனப்பாடமாக எடுத்துப் போடவேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது மாதம் களம். திருப்பூரில் இது இல்லாமல் கிரெடிட் கற்றுக்கொள்ளவே முடியாது. காரணம், இங்கே சரக்கு ஒருவர் கூரையின் கீழ் இருக்காது. பனியன் கம்பெனியின் நூல் நிட்டிங் யூனிட்டில் இருக்கும், துணி டையிங்கில் இருக்கும், பாதி காம்பாக்டிங்கில் நிற்கும். மறுபக்கம், நாம் கடன் கொடுத்த நிட்டிங் யூனிட்டில் கூரை முட்ட அடுக்கியிருக்கும் ரோலில் பெரும்பகுதி அவருடையதே அல்ல. ரோல் மேல் பார்ட்டி பெயர், டிசி (டெலிவரி சலான்) நம்பர், கிலோ எழுதி ஒட்டியிருப்பார்கள். குனிந்து அதைப் படிக்கச் சொல்லுங்கள். குடோனைப் பார்த்தேன், நிறைய ஸ்டாக் இருந்தது என்று எழுதுகிற விசிட் ரிப்போர்ட்டை அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

வெளியே இருக்கும் சரக்குக்கு டெலிவரி சலான் வரிசையாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தில் ஜாப் ஒர்க்குக்கு (கூலிக்குச் செய்து தரும் வேலை) அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பவேண்டும். ஐடிசி-04 படிவத்தில் அந்தக் கணக்கு வரும். சலானில் 4,000 கிலோ போயிருக்கிறது, டையிங் யூனிட்டில் கேட்டால் "அது போன மாசமே டெலிவரி ஆயிடுச்சுங்க" என்றால், ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் அந்த 4,000 கிலோ இன்னும் ஏன் இருக்கிறது?

விசிட்டில் இன்னும் இரண்டு தாள் கேட்கச் சொல்லுங்கள்: 12 மாத கரன்ட் பில், 12 மாத பிஎஃப், இஎஸ்ஐ சலான். விற்பனை 40 சதவீதம் கூடியதாகச் சொல்லும் நிட்டிங் யூனிட்டில் கரன்ட் யூனிட் அப்படியே இருந்தால், வேலையை வெளியே கொடுத்தாரா, அல்லது பில் மட்டும் போட்டாரா என்று கேட்டாகவேண்டும். டையிங் யூனிட்டுக்கு இன்னொன்று கட்டாயம்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க அனுமதி எந்தத் தேதி வரை, எத்தனை கிலோலிட்டருக்கு, எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைப்பு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாயப்பட்டறைகள் மூடப்பட்டது இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. அனுமதி போனால் ரேஷியோ எவ்வளவு அழகாக இருந்தாலும் ஷட்டர் இறங்கிவிடும்.

ஒரு விஷயம் அழுத்திச் சொல்லவேண்டும். மூவரில் பெண் அதிகாரி இருந்தால், பாதுகாப்பு என்ற பெயரில் அவரை மேசை வேலையிலேயே உட்காரவைத்துவிடாதீர்கள். வண்டி ஏற்பாடு செய்து, பகல் ஷிஃப்ட்டில் அனுப்புங்கள். களம் பார்க்காத ஆளைப் பிற்பாடு பதவி உயர்வு நேர்காணலில் "பீல்டு அனுபவம் இல்லை" என்று அதே நிர்வாகம்தான் ஒதுக்கும்.

செவல்பட்டி ராசு

களம் ஆனபிறகு மூன்றாவது மாதம் பேங்க் ஸ்டேட்மென்ட். கணக்கில் வருட வரவு 6.5 கோடி என்றால் விற்பனை 6 கோடி சரிதான் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 6.5-க்குள் அதே பார்ட்டியின் இன்னொரு கம்பெனியிலிருந்து வந்து மறுநாளே திரும்பிப் போனது எவ்வளவு, வேறு லோன் வாங்கிப் போட்டது எவ்வளவு, ரிட்டர்ன் ஆன செக் எவ்வளவு என்று கழிக்கவேண்டும். அதெல்லாம் போக 4.7 கோடி நின்றால், அதிலும் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறது. ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னில் காட்டிய விற்பனையும் பாலன்ஸ் ஷீட் விற்பனையும் வரி இல்லாத எண். மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடப் பழக்குங்கள்.

பிறகு லிமிட் கணக்கு. ரிசர்வ் வங்கியின் நாயக் குழு சொன்ன முறையில் வரும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை, 20 சதவீதம் வங்கி, 5 சதவீதம் பார்ட்டி. 5 கோடி வரையிலான சிறுதொழில் லிமிட்டுக்கு இதுதான். 6 கோடி விற்பனை என்றால் தேவை 1.5 கோடி, லிமிட் 1.2 கோடி, அவர் போடவேண்டியது 30 லட்சம். இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். போன வருடம் 4.2 கோடி, இந்த வருடம் 6 கோடி என்றால் 43 சதவீத வளர்ச்சி. எந்த ஆர்டர், எந்த மெஷின், எத்தனை டெய்லர் அதைக் கொண்டுவருகிறது என்று கேட்காமல் 6 கோடியை எடுத்துக்கொள்வது முதல் சறுக்கல். அந்த 30 லட்சம் பாலன்ஸ் ஷீட்டில் உண்மையாகவே இருக்கிறதா என்று பார்க்காதது இரண்டாவது. புது மெஷினுக்கு முன்பணம் சிசி-யிலிருந்து போயிருந்தால் பார்ட்டியின் 30 லட்சம் கரைந்துபோயிருக்கும், மார்ஜின் தாளில் மட்டும் இருக்கும்.

டெர்ம் லோனில் டிஎஸ்சிஆர் (தவணையும் வட்டியும் கட்ட வரும் பணம் எத்தனை மடங்கு என்ற எண்). ஒரே ஆளுக்குச் சொந்தமான (புரொப்ரைட்டர்ஷிப்) நிறுவனம் என்றால் நிகர லாபம் 18, தேய்மானம் 14, வட்டி 10, மொத்தம் 42 லட்சம். தவணை 20, வட்டி 10, மொத்தம் 30. 1.4 வருகிறது, அருமை என்று எழுதுவார்கள். கேபிடல் அக்கவுன்ட்டைத் திருப்பினால் வீட்டுச் செலவு, பிள்ளை காலேஜ், எல்ஐசி எல்லாம் சேர்த்து 12 லட்சம் எடுத்திருப்பார். லாபத்துக்குப் பிறகு எடுத்தது அது. கழித்தால் 30-க்கு 30, அதாவது 1.0. ஒரு மாதம் பில் தாமதமானால் தவணை நிற்கும். அந்தக் குடும்பம் சாப்பிட்ட பிறகு மிஞ்சுவதில்தான் நமக்குத் தவணை வரும் என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவையுங்கள்.

சிஜிடிஎம்எஸ்இ (சிறுதொழில் கடன் உத்தரவாத நிதி) உத்தரவாதம் இருக்கிறதே என்று யாராவது எழுதினால் அந்த வரியை அடித்துவிடுங்கள். உச்சவரம்பு 2025 ஏப்ரலில் 10 கோடி ஆனது நல்ல விஷயம்தான். ஆனால் அது கடனைத் திருப்பிக் கட்டும் வழி அல்ல.

நொய்யல் கரை

மிக்க நன்றி. பேக்கிங் கிரெடிட் இரட்டைக் கணக்கு எங்கள் பட்டியலில் இல்லவே இல்லை, இன்றே சேர்த்துவிட்டேன். தேர்வு பற்றியும், திருத்தும் முறை பற்றியும் யாராவது சொல்லுங்கள். மாதக் கடைசியில் ஃபைல் குவியும்போது, நானே நோட்டைத் திரும்ப எழுதி அனுப்பிவிடுகிறேன். அது தவறு என்று தெரிகிறது. வேறு வழி?

வில்லங்கம் 30

தேர்வு முதலில். ஜேஏஐஐபி-யை முதல் வருடமே எழுதட்டும், அடிப்படை பலமாகும். சிஏஐஐபி-யை ஒரு முழு ரெனியூவல் சுற்று பார்த்தபிறகு எழுதினால் பாடம் ஒட்டும். கடனிலேயே இருக்க விரும்புபவருக்கு ஐஐபிஎஃப் (வங்கியாளர் தேர்வுகளை நடத்தும் நிறுவனம்) நடத்தும் கிரெடிட் புரொஃபஷனல் சான்றிதழ் உண்டு. ஆனால் சான்றிதழை விட இந்த ஊரில் விலைபோவது வேறு: தாய்ப்பத்திரத்திலிருந்து 30 வருட வில்லங்கச் சான்று வரை வரிசை பிடித்துப் படிக்கிறவர், பட்டாவில் உள்ள சப்-டிவிஷன் எண்ணும் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்று தானே பார்க்கிறவர். வக்கீல் ஒப்பீனியன் வந்துவிட்டதே என்று படிக்காமல் இணைத்துவிடுகிற பழக்கம் வரவே கூடாது. பொதுவழி இல்லாத நிலம், நான்கு பக்க அளவு சேராத மனை, இதெல்லாம் ஏலத்துக்குப் போகும்போதுதான் தெரியவரும்.

பாதை என்று பார்த்தால், முதல் இரண்டு வருடம் அப்ரைசல் (கடன் மதிப்பீடு), மூன்றாவது வருடம் கண்காணிப்பு, அதற்கப்புறம்தான் பார்ட்டிகளை நேரடியாகக் கையாளும் பொறுப்பு. இந்த வரிசையை மாற்றி, வந்தவுடனே டார்கெட் கொடுத்துக் களத்தில் இறக்கினால் கிரெடிட் தெரியாத விற்பனையாளர் ஆகிவிடுவார்கள். கண்காணிப்பை யாரும் விரும்புவதில்லை. எனக்கு அதுதான் சிறந்த பள்ளிக்கூடம் என்று தோன்றுகிறது. அதனால் மூன்றாவது வருடத்துக்குக் காத்திராமல், நான்காவது மாதத்திலிருந்தே கண்காணிக்க ஆளுக்கு 10 கணக்கு ஒப்படையுங்கள். தவணை 1 முதல் 30 நாள் தாமதம் எஸ்எம்ஏ-0 (எஸ்எம்ஏ: கெட்டுப்போகும் அறிகுறி காட்டும் கணக்கு), 31 முதல் 60 எஸ்எம்ஏ-1, 61 முதல் 90 எஸ்எம்ஏ-2, 90 தாண்டினால் வாராக்கடன். சிசி கணக்கில் கடன் பாக்கி தொடர்ந்து லிமிட்டுக்கோ டிபி-க்கோ மேலே நின்றால் 31-ஆம் நாளில் எஸ்எம்ஏ-1 ஆகிவிடும். இங்கே பிள்ளைகள் தவறவிடுவது இரண்டு: மூன்று மாதத்துக்கும் பழைய ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் போட்ட டிபி-யில் எடுத்த பணம் முறையற்றதாகக் கருதப்படும், அப்படியே 90 நாள் ஓடினால் கணக்கு வாராக்கடன். ரெனியூவல் 180 நாள் தாண்டினாலும் அதே கதி. நன்றாக ஓடுகிற பார்ட்டி ஒரு தாள் கொடுக்காததால், நாம் ஒரு போன் செய்யாததால் அந்த நிலைக்குப் போவது கொடுமை.

பழைய லெட்ஜர்

திருத்தும் முறைக்கு: நோட்டை நீங்கள் எழுதக் கூடாது சார். நீங்கள் எழுதினால் அவர்கள் கற்பது உங்கள் நடையை மட்டும்தான். முழு ஃபைலுக்கு முன்னால், ஒரே பக்கம் கையால் எழுதி வாங்குங்கள். யார் பணம் கட்டுவார், எந்த வரவிலிருந்து, எந்தத் தேதியில், அது வராவிட்டால் அடுத்து என்ன, இந்தக் கடன் கெட்டுப்போனால் எதனால் கெடும். கடைசிக் கேள்விக்கு "பொருளாதார மந்தம்" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். "மொத்த விற்பனையில் 60 சதவீதம் ஒரே பையிங் ஏஜென்சி வழியாகப் போகிறது" என்று எழுதினால் அதுதான் பதில். அந்தப் பக்கத்தைப் பத்து நிமிடம் எதிரே உட்காரவைத்துப் பேசிவிட்டால், பிறகு வரும் முழு நோட்டில் திருத்தம் குறைந்துவிடும். ஃபைல் தாமதமாவது பெரும்பாலும் கடைசியில் உட்கார்ந்து திருத்துவதால்தான்.

முழு நோட்டில் தவறைக் கண்டால் வட்டம் மட்டும் போடுங்கள், எண்ணை எழுதாதீர்கள். எது தவறு என்று அவர்களே தேடட்டும். மூன்று பேரும் செய்யும் தவறுகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவந்தால், ஒவ்வொருவருக்கும் பலவீனம் வேறு என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும்.

வங்கி திறந்திருக்கும் சனிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், கெட்டுப்போன ஒரு பழைய கணக்கை எடுங்கள். பெயரை மறைத்து, சாங்ஷன் தேதி வரை உள்ள தாள்களை மட்டும் கொடுத்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். பிறகு மீதித் தாள்களைக் காட்டுங்கள். கொடுக்கலாம் என்று எழுதியவரைக் குற்றவாளியாக்கவேண்டாம். எந்தத் தாளில் முதல் அறிகுறி இருந்தது என்று மூன்று பேரும் சேர்ந்து தேடவேண்டும். நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும் கணக்கையும் நடுவில் கலந்து கொடுங்கள். இல்லையென்றால் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று எழுதப் பழகிவிடுவார்கள், அந்தப் பழக்கம் தொழில் செய்கிறவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கிரே ரோல்

லெட்ஜர் சார் சொன்னதோடு இதையும் முதல் வாரமே சொல்லுங்கள்: போகாத இடத்துக்குப் போனதாகக் கையெழுத்துப் போடக்கூடாது. மாதக் கடைசியில் "விசிட் ரிப்போர்ட் போட்டுவிடு தம்பி, அப்புறம் போய்ப் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். பிற்பாடு விசாரணை வந்தால், சொன்னவர் வேறு ஊரில் இருப்பார், கையெழுத்து மட்டும் ஃபைலில் இருக்கும். ரிப்போர்ட்டில் போன நேரம், சந்தித்த ஆள், இரண்டு ரோலின் டிசி நம்பர், இடக்குறியோடு எடுத்த போட்டோ இவை இல்லாமல் நீங்களும் வாங்காதீர்கள். பரிந்துரைக்க மனமில்லாத ஃபைலில் தன் கருத்தை இரண்டு வரி எழுதிவைக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் எழுதியதை மீறி நீங்கள் சாங்ஷன் செய்யலாம், அது உங்கள் அதிகாரம். ஆனால் அந்த இரண்டு வரியை அழிக்கச் சொல்லாதீர்கள்.

நொய்யல் கரை

வரும் திங்கள் முதல் ஆளுக்கு ஒரு பார்ட்டியின் 12 மாத ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுத்துவிடுகிறேன். சிஎம்ஏ படிவத்தை ஒரு மாதம் பூட்டிவைக்கிறேன். ஒரு சின்னச் சந்தேகம்: முழுக்க ஜாப் ஒர்க் மட்டும் செய்யும் காம்பாக்டிங் யூனிட்டுக்கு நூலும் துணியும் அவருடையது இல்லையே, டிபி-யை எதை வைத்துப் போடப் பழக்குவது?

செவல்பட்டி ராசு

பாக்கியை வைத்துத்தான். அவருடைய விற்பனை என்பது கூலி பில் மட்டும், விற்பனைக் கணக்கில் துணியின் மதிப்பைச் சேர்த்துவிட்டால் லிமிட் பல மடங்கு ஊதிவிடும். சொந்தச் சரக்கு என்று இருப்பது கெமிக்கல், விறகு, ஸ்பேர் பார்ட்ஸ், அது சொற்பம். கூலி பாக்கியை வயது வாரியாக எடுத்து, 90 நாள் தாண்டியதை விட்டு, மார்ஜின் கழித்துப் போடுங்கள். கூடவே, கூலிக்குப் பதிலாகப் பார்ட்டி பிடித்துக்கொண்ட டேமேஜ் டெபிட் நோட் ஏதாவது இருக்கிறதா என்று அந்தந்த லெட்ஜரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஷேட் மாறிவிட்டது, கிலோ குறைந்துவிட்டது என்று பனியன் கம்பெனிகள் பில்லில் பிடிப்பது இங்கே சாதாரணம். அந்த டெபிட் நோட் பாக்கிப் பட்டியலில் ஏறியிருக்காது.